பிரிட்டனில் உடல்நலக் குறைவு ஓய்வூதியம் மறுக்கப்பட்டால்: மேல்முறையீட்டுக்கு ஒரு வழிகாட்டி

மறுப்புக் கடிதத்தில் உங்களுக்கு நோயே இல்லை என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். நோய் இருக்கிறது, இப்போதைக்கு வேலை செய்ய முடியாது என்பதையெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டு, கடைசிப் பத்தியில் ஒரு வரி வைப்பார்கள். ‘நிரந்தரமானது என்று சொல்ல இடமில்லை’ என்றிருக்கும், அல்லது ‘இன்னும் முயன்று பார்க்காத சிகிச்சைகள் உள்ளன’ என்றிருக்கும். உங்கள் மேல்முறையீடு அந்த வரியோடுதான் மோத வேண்டும். எவ்வளவு வலி, எவ்வளவு களைப்பு என்று பன்னிரண்டு பக்கம் எழுதினாலும் அந்த வரிக்குப் பதில் இல்லையென்றால் கோப்பு அதே இடத்தில்தான் நிற்கும். மருத்துவர் எழுதும் ஒரு பக்கக் கடிதம் அந்த வரிக்கு நேராகப் பதில் சொன்னால் கோப்பு நகரும்.

கீழே உள்ளவை பெரும்பாலும் இங்கிலாந்து, வேல்ஸ் உள்ளாட்சி ஓய்வூதியத் திட்டமான எல்ஜிபிஎஸ் பற்றியவை. கவுன்சில் அலுவலகத்தில் இருப்பவர்கள் மட்டும்தான் அதில் இருப்பதாக நினைக்க வேண்டாம். அரசுப் பள்ளிகளிலும் அகாடமிகளிலும் வேலை செய்யும் டீச்சிங் அசிஸ்டன்ட், அலுவலக ஊழியர் போன்றவர்கள் வழக்கமாக இந்தத் திட்டத்தில்தான் வருவார்கள். என்எச்எஸ் திட்டமும் ஆசிரியர் திட்டமும் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்லியிருக்கிறோம். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனி விதிகள்.

எதற்கும் முன்னால்: கையெழுத்துப் போடாதீர்கள்

இன்னும் வேலையில் இருக்கிறீர்கள் என்றால் ராஜினாமா செய்யாதீர்கள். எல்ஜிபிஎஸ்ஸில் கூடுதல் சேர்க்கையோடு (அதாவது, இனி வேலை செய்ய முடியாத எதிர்கால ஆண்டுகளையும் கணக்கில் சேர்த்து) ஓய்வூதியம் கிடைக்க, உடல்நலக் காரணத்தால் உங்கள் வேலையை முடித்துவைப்பது முதலாளியாக இருக்க வேண்டும். சோர்ந்துபோய் நீங்களாக விலகினால், தள்ளிவைக்கப்பட்ட உறுப்பினர் (சேர்ந்த ஓய்வூதியத்தைப் பிறகு வாங்கக் காத்திருப்பவர்) ஆகிவிடுவீர்கள். பிறகு விண்ணப்பிக்க வழி உண்டு என்றாலும் எதிர்கால ஆண்டுகளுக்கான சேர்க்கை போய்விடும். இதனால் இழக்கும் தொகை எவ்வளவு என்பதைக் கொஞ்சம் கீழே கணக்கோடு காட்டுகிறோம்.

இன்னொன்று செட்டில்மென்ட் ஒப்பந்தம். முதலாளி ஒரு தொகை கொடுத்து ‘எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன’ என்று எழுதி வாங்குவார். அந்தத் தாளில் ஏற்கெனவே சேர்ந்த ஓய்வூதிய உரிமைக்கு விலக்கு இருக்கும். ஆனால் மறுக்கப்பட்ட உடல்நலக் குறைவு ஓய்வூதியம் அந்த விலக்குக்குள் வருமா என்பது வாதத்துக்கு இடமான விஷயம். ‘உடல்நலக் குறைவு ஓய்வூதியத்துக்கான விண்ணப்பமும் மேல்முறையீடும் இந்த ஒப்பந்தத்தால் பாதிக்கப்படாது’ என்று தனி வாக்கியமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். செட்டில்மென்ட் ஒப்பந்தத்துக்குத் தனிச் சட்ட ஆலோசனை பெற்றிருப்பது கட்டாயம் என்பதால், இதை அந்த வழக்கறிஞரிடமே கேட்டுவிடலாம்.

விதி என்ன கேட்கிறது

எல்ஜிபிஎஸ்ஸில் 2013 ஒழுங்குவிதிகளின் 35ஆம் விதிதான் அடிப்படை. குறைந்தது 2 ஆண்டுத் தகுதி உறுப்பினர் காலம் வேண்டும். அதோடு இரண்டு நிபந்தனைகள். முதலாவது, உடல் அல்லது மனநலக் குறைவால் நீங்கள் பார்த்துவந்த அந்த வேலையின் கடமைகளைத் திறம்படச் செய்ய நிரந்தரமாக இயலாமல் போயிருக்க வேண்டும். இரண்டாவது, வருமானம் தரும் எந்த வேலையையும் உடனடியாகச் செய்ய முடியாத நிலையில் இருக்க வேண்டும்.

இங்கே ‘நிரந்தரம்’ என்றால் ஆயுள் முழுக்க என்று பொருள் இல்லை. உங்கள் வழக்கமான ஓய்வூதிய வயது வரை என்றுதான் பொருள். எல்ஜிபிஎஸ்ஸில் அது உங்கள் அரசு ஓய்வூதிய வயது, குறைந்தது 65. என்எச்எஸ்ஸில் எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்தது: 1995 பிரிவுக்கு 60, 2008 பிரிவுக்கு 65, 2015 திட்டத்துக்கு அரசு ஓய்வூதிய வயது. 63 வயதுக்காரர் அடுத்த சில ஆண்டுகளைப் பற்றிச் சொன்னால் போதும். 45 வயதுக்காரர் அடுத்த 23 ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளையவர்களுக்கு மறுப்பு எளிதாக வருவது இதனால்தான்.

‘வருமானம் தரும் வேலை’ என்பதற்கும் அளவு உண்டு: வாரத்துக்கு 30 மணி நேரத்துக்குக் குறையாமல், 12 மாதத்துக்குக் குறையாமல் செய்யும் சம்பள வேலை. வாரம் 10 மணி நேரம் வீட்டிலிருந்து ஏதாவது செய்ய முடியும் என்பது இந்த அளவைத் தொடாது. ஆனால் உங்கள் மருத்துவர் ‘இலேசான பகுதிநேர வேலை செய்யலாம்’ என்று மணிக்கணக்கு போடாமல் எழுதிவிட்டால், வாசிப்பவர் அதை ‘வேலை செய்ய முடியும்’ என்றே எடுத்துக்கொள்வார்.

இந்த இரண்டு நிபந்தனைகளையும் தாண்டிய பிறகுதான் தரம். ஓய்வூதிய வயதுக்கு முன் அப்படியொரு வேலைக்குத் திரும்பும் வாய்ப்பு இல்லையென்றால் முதல் தரம். 3 ஆண்டுக்குள் இல்லை, ஆனால் ஓய்வூதிய வயதுக்கு முன் திரும்பலாம் என்றால் இரண்டாம் தரம். 3 ஆண்டுக்குள் திரும்பலாம் என்றால் மூன்றாம் தரம். முதல் தரத்துக்கு ஓய்வூதிய வயது வரை மீதியுள்ள ஆண்டுகள் முழுவதும் சேர்க்கப்படும். இரண்டாம் தரத்துக்கு அதில் 25%. மூன்றாம் தரத்துக்குச் சேர்க்கை கிடையாது. அதிகபட்சம் 3 ஆண்டுதான் வரும், 18ஆம் மாதத்தில் மறு ஆய்வு.

ஒரு கணக்கு. ஆண்டுச் சம்பளம் 29,400 பவுண்டு. திட்டத்தில் ஓர் ஆண்டுக்கு 49இல் ஒரு பங்கு சேரும். அதாவது 600 பவுண்டு. வயது 45, ஓய்வூதிய வயது 68. முதல் தரம் என்றால் 23 × 600 = 13,800 பவுண்டு; இதுவரை சேர்ந்த ஓய்வூதியத்தோடு இதுவும் ஆண்டுதோறும் வரும். இரண்டாம் தரம் என்றால் 3,450 பவுண்டு. மூன்றாம் தரம் என்றால் கூடுதலாக எதுவும் இல்லை. ஆகவே ‘கிடைத்ததே போதும்’ என்று குறைந்த தரத்தோடு நின்றுவிடாதீர்கள். தரத்தை எதிர்த்தும் இதே வழியில் மேல்முறையீடு செய்யலாம்.

என்எச்எஸ்ஸில் இரண்டு தரம் மட்டும். சொந்த வேலையை நிரந்தரமாகச் செய்ய முடியாதென்றால் முதல் தரம். அதே அளவு நேரமுள்ள வேறெந்த முறையான வேலையும் முடியாதென்றால் இரண்டாம் தரம், இதுதான் பெரிது. எல்ஜிபிஎஸ்ஸுக்கு நேர் தலைகீழான எண் வரிசை இது என்பதால், இரண்டையும் குழப்பிக்கொண்டு கடிதம் எழுதும் மருத்துவர்களும் உண்டு. ஆசிரியர் திட்டத்தில் மேல் தரத்துக்கு, எந்த வேலையும் செய்யும் திறன் 90%க்கு மேல் நிரந்தரமாகக் குறைந்திருக்க வேண்டும். தனியார் நிறுவனத் திட்டம் என்றால் இந்த வரையறைகள் எதுவும் செல்லாது. அந்தத் திட்டத்தின் டிரஸ்ட் டீட் (திட்டத்தை நிறுவும் சட்ட ஆவணம்), விதிகள் ஆகியவற்றின் நகலை வாங்கி, அதில் ‘இயலாமை’ எப்படி வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று சொல் சொல்லாகப் பாருங்கள்.

இந்த வரையறைகள் எல்லாமே உங்கள் உடல் எதைத் தாங்கும் என்று கேட்பவை. வேலைச் சந்தை பற்றி அவை கேட்பதில்லை. ‘என்னை இந்த வயதில் யார் வேலைக்கு எடுப்பார்கள்’ என்ற வாதம் நியாயமானதுதான், இங்கே எடுபடாது.

கோப்பை வாங்குங்கள்

மேல்முறையீட்டில் ஒரு வரி எழுதுவதற்கு முன், அவர்கள் எதை வைத்து முடிவெடுத்தார்கள் என்பது உங்கள் கையில் இருக்க வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்களைப் பற்றிய பதிவுகளைக் கேட்கும் உரிமை உண்டு. கட்டணம் இல்லை. ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். எல்லா இடத்துக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்புங்கள்: முதலாளியின் எச்ஆர், ஓய்வூதிய நிதியம், ஆக்குபேஷனல் ஹெல்த் நிறுவனம் (முதலாளிக்காக ஊழியர்களின் உடல்நலத்தைப் பார்ப்பது), உங்கள் ஜிபி, மருத்துவமனை.

கேட்க வேண்டியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். முதலாளி கருத்துக் கேட்ட சுயேச்சை மருத்துவர் கையெழுத்திட்ட சான்றிதழ், அவருடைய முழு அறிக்கை, அவருக்கு முதலாளி அனுப்பிய பரிந்துரைக் கடிதம், அதோடு இணைத்த தாள்களின் பட்டியல், முடிவெடுத்தவர் எழுதிய குறிப்பு. இதில் பரிந்துரைக் கடிதத்தை யாரும் கேட்பதில்லை, ஆனால் பல நேரம் ஓட்டை அங்கேதான் இருக்கும். உங்கள் நிபுணரின் கடிதம் அந்தப் பட்டியலிலேயே இல்லாமல் போயிருக்கலாம். வேலை விவரத்தில் நீங்கள் 15 கிலோ தூக்குவதும், ஷிஃப்ட் பார்ப்பதும் இல்லாமல், வெறும் ‘நிர்வாகப் பணி’ என்று போயிருக்கலாம்.

கோப்பு வந்ததும் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

யார் கையெழுத்து? எல்ஜிபிஎஸ்ஸில் சான்றளிக்கும் மருத்துவர் தொழில்சார் மருத்துவத்தில் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் முன்பு ஆலோசனையோ கருத்தோ சொல்லியிருக்கக் கூடாது. உங்கள் மருத்துவ விடுப்பின்போது உங்களைப் பார்த்த அதே மருத்துவர் சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவே தனிக் காரணம்.

எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்? ‘எதிர்காலத்தில் முன்னேற்றம் சாத்தியம்’ என்பது விதியின் கேள்விக்குப் பதில் இல்லை. வேலைக்குத் திரும்பும் அளவு முன்னேற்றம் வருமா, அது ஓய்வூதிய வயதுக்கு முன் வருமா, வருவதற்கே வாய்ப்பு அதிகமா என்பதுதான் கேள்வி. சாத்தியம் எல்லாவற்றுக்கும் உண்டு. விதி பார்ப்பது 50%ஐத் தாண்டுகிறதா என்பதை.

முடிவெடுத்தது யார்? எல்ஜிபிஎஸ்ஸில் மருத்துவர் கருத்துச் சொல்கிறார், முடிவு முதலாளியுடையது. ‘மருத்துவர் இல்லை என்றார், ஆகவே இல்லை’ என்று இரண்டு வரியில் கடிதம் வந்திருந்தால், முதலாளி தன் கடமையைச் செய்யவில்லை என்று எழுதலாம். காரணங்களும் மேல்முறையீட்டு உரிமையும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.

பலர் பிடித்துக்கொள்ளும் ஒரு வாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘வேலைக்குத் திரும்ப முடியாது என்று சொல்லித்தான் நீக்கினீர்கள், இப்போது நிரந்தரம் இல்லை என்கிறீர்கள்’ என்பது அது. கேட்க வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலை நீக்கத்தில் பார்ப்பது ‘தெரிகிற எதிர்காலத்தில்’ திரும்புவாரா என்பதை. ஓய்வூதியத்தில் பார்ப்பது அடுத்த பல ஆண்டுகளை. இரண்டும் ஒரே கேள்வி இல்லை என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். இதைவிட வலுவான முரண் ஒன்று உண்டு. அறிக்கையில் ‘சில மாற்றங்கள் செய்து கொடுத்தால் வேலை பார்க்கலாம்’ என்று இருந்து, அதே மாற்றங்களைச் செய்ய முடியாது என்று முதலாளி எழுத்தில் சொல்லியிருந்தால், அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து இணையுங்கள்.

மருத்துவரிடம் என்ன கேட்பது

பணமும் சக்தியும் செலவாக வேண்டிய இடம் இதுதான். ‘என் மேல்முறையீட்டுக்கு ஒரு கடிதம் தாருங்கள்’ என்று மட்டும் கேட்டால், நோயின் பெயரும் மருந்துப் பட்டியலும் ‘வேலை செய்வது கடினம்’ என்ற வரியும் வரும். அதற்கும் கட்டணம் வாங்குவார்கள். மருத்துவருக்கு விதி தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. விதியின் வரையறை, உங்கள் வேலை விவரம், மறுப்பு அறிக்கை மூன்றையும் இணைத்து, பின்வரும் கேள்விகளை எண்ணிட்டு அனுப்புங்கள்:

1. வேலை முடிந்த தேதியில் (தேதியைக் குறிப்பிடுங்கள்) இவருக்கு இருந்த நோய்கள், அறிகுறிகள் என்ன?
2. இணைத்துள்ள வேலை விவரத்தில் எந்தெந்தக் கடமைகளைச் செய்ய முடியவில்லை, ஏன்?
3. இன்ன வயது வரை, அந்தக் கடமைகளைத் திறம்படச் செய்யும் நிலைக்கு இவர் திரும்பும் வாய்ப்பு 50%க்கு மேலா, கீழா? காரணம்?
4. வாரம் 30 மணி நேர வேலை எதையாவது 12 மாதம் தொடர்ந்து செய்ய முடியுமா? இப்போது, 3 ஆண்டுக்குள், ஓய்வூதிய வயதுக்கு முன் என்று தனித்தனியாக.
5. அறிக்கையில் சொல்லப்பட்ட இன்னின்ன சிகிச்சைகள் இவருக்குப் பொருந்துமா? பொருந்தினால் வேலைக்குத் திரும்பும் அளவுக்குப் பலன் தருமா?

முதல் கேள்வியில் தேதி ஏன்? மேல்முறையீடு என்பது அன்று எடுத்த முடிவு சரியா என்று பார்ப்பது. ‘இன்று மிக மோசமாக இருக்கிறார்’ என்ற கடிதத்தை ‘பின்னால் வந்த மாற்றம்’ என்று ஒதுக்கிவைக்க முடியும். பிறகு எழுதிய கடிதமாக இருந்தாலும், அன்றைய நிலையைப் பற்றிப் பேசினால் அதைப் பார்த்தாக வேண்டும். நோயின் பெயர் தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால், ‘பெயர் வைத்தது இப்போது, அறிகுறிகள் அன்றே இருந்தன’ என்று மருத்துவர் தெளிவாக எழுத வேண்டும்.

வித்தியாசத்தைப் பாருங்கள். பலவீனமான வரி: ‘இவர் விரைவில் குணமடைவார் என்று தோன்றவில்லை, வேலை செய்வது சிரமம்.’ உதவும் வரி: ‘2024 மார்ச் 31 அன்று இருந்த நிலையின்படி, 68 வயதுக்கு முன் வாரம் 30 மணி நேர வேலையை 12 மாதம் தொடரும் நிலைக்கு இவர் வர வாய்ப்பு குறைவு என்பதே என் கருத்து. நோய் தொடங்கி 5 ஆண்டு ஆகியும் நிலையான முன்னேற்றம் இல்லை. மூன்று சிகிச்சைகள் முயன்று நிறுத்தப்பட்டன. சிறிய உழைப்புக்குப் பிறகும் நாட்கணக்கில் நிலை மோசமாகிறது.’ இரண்டாவதில் தேதி, வயது, மணிக்கணக்கு, வாய்ப்பின் அளவு, காரணம் எல்லாம் இருக்கின்றன. கூடுமானவரை இதை எழுதுபவர் நிபுணராக இருக்கட்டும். நிபுணர் கைவிரித்தால் உங்களை நீண்ட நாள் பார்த்துவரும் ஜிபி.

‘இன்னும் முயன்று பார்க்காத சிகிச்சை’

நாட்பட்ட நோயாளிகளின் மறுப்புகளில் அடிக்கடி வருவது இதுதான். ஒரு சிகிச்சை பாக்கி இருக்கிறது என்பதாலேயே மறுக்க முடியாது. அந்தச் சிகிச்சை உங்களுக்குக் கிடைக்குமா, உங்களுக்குப் பலன் தர வாய்ப்பு அதிகமா, அந்தப் பலன் வேலைக்குத் திரும்பும் அளவு இருக்குமா, ஓய்வூதிய வயதுக்குள் நடக்குமா என்று மருத்துவர் விளக்க வேண்டும். வெறும் பட்டியல் போட்டிருந்தால், ‘ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் பலனைச் சொல்லவில்லை’ என்று மேல்முறையீட்டில் எழுதுங்கள்.

உங்கள் பக்கத்திலிருந்து ஓர் அட்டவணை: சிகிச்சை, தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, அளவு, என்ன நடந்தது, யார் நிறுத்தச் சொன்னது. பக்கவிளைவால் நீங்களாக நிறுத்தியிருந்தால் அதை ஜிபி பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். பதிவில் இல்லாததை ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று வாசிப்பார்கள். காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறீர்கள் என்றால் அந்தக் கடிதத்தை இணையுங்கள்.

எம்இ எனப்படும் நாட்பட்ட களைப்பு நோய்க்கு இது இன்னும் முக்கியம். நைஸ் என்பது இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் அமைப்பு. 2007இல் வந்த அதன் வழிகாட்டுதல், படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையையும் சிபிடி எனும் பேச்சு சிகிச்சையையும் பரிந்துரைத்தது. 2021 அக்டோபரில் வந்த என்ஜி206 என்ற புதிய வழிகாட்டுதல் அதை மாற்றியது. அந்த உடற்பயிற்சிச் சிகிச்சையைத் தரக் கூடாது. சிபிடி நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை அல்ல, துணைதான் என்கிறது. சிறு விகிதத்தினரே குணமடைகிறார்கள் அல்லது நீண்ட காலம் நோய் தணிந்து இருக்கிறார்கள், பலர் நோயோடு வாழப் பழக வேண்டியிருக்கும் என்றும் சொல்கிறது. உங்கள் அறிக்கை 2021க்குப் பிறகும் ‘உடற்பயிற்சிச் சிகிச்சையும் சிபிடியும் முயலவில்லை’ என்று மறுத்திருந்தால், வழிகாட்டுதலின் அந்தப் பகுதிகளை அச்செடுத்துக் கோடிட்டு இணையுங்கள். ஆனால் வழிகாட்டுதல் பொதுவானது. அது உங்களுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று உங்கள் மருத்துவரும் ஒரு பத்தி எழுதினால்தான் வலு.

மேல்முறையீட்டுக் கடிதமும் காலக்கெடுவும்

எல்ஜிபிஎஸ்ஸில் உள்ளகத் தகராறு நடைமுறை, அதாவது திட்டத்துக்குள்ளேயே மேல்முறையீடு செய்யும் வழி, இரண்டு கட்டம். முடிவு வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் முதல் கட்டம். அதைத் தீர்ப்பவர் பெயர் மறுப்புக் கடிதத்தில் இருக்கும். அவர் 2 மாதத்துக்குள் பதில் தர வேண்டும். முடியாவிட்டால் தாமதத்துக்குக் காரணமும் எதிர்பார்க்கும் தேதியும் சொல்லி இடைக்காலக் கடிதம் தர வேண்டும். அதிலும் தோற்றால் அடுத்த 6 மாதத்துக்குள் இரண்டாம் கட்டம், ஓய்வூதிய நிதியத்தை நிர்வகிக்கும் அமைப்பிடம் (பெரும்பாலும் ஒரு கவுன்சில்). மற்ற திட்டங்களில் கெடு வேறு. காவல்துறையில் மருத்துவ முடிவை எதிர்க்க 28 நாள்தான். ஆகவே மறுப்புக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் பாருங்கள்.

மருத்துவர் கடிதம் வர மாதங்கள் ஆகும். அதற்காகக் கெடுவைத் தவறவிடாதீர்கள். ‘மேல்முறையீடு செய்கிறேன், காரணங்கள் இவை, மருத்துவச் சான்று இன்ன தேதிக்குள் வரும், அதுவரை முடிவெடுக்க வேண்டாம்’ என்று ஒரு பக்கம் அனுப்பிவைத்து, அதை ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் பதில் வாங்குங்கள். அப்படி வாங்காவிட்டால் சான்று வருமுன்னே முடிவெடுத்து அனுப்பிவிடுவார்கள். கெடு ஏற்கெனவே போய்விட்டதென்றாலும் முயலுங்கள். எல்ஜிபிஎஸ் விதி, நியாயமான காரணம் இருந்தால் நீட்டிக்க இடம் தருகிறது. படுக்கையில் இருந்ததற்கு மருத்துவப் பதிவு காட்டுங்கள்.

முழுக் கடிதம் மூன்று, நான்கு பக்கம் போதும். மேலே பெயர், முகவரி, பிறந்த தேதி, நேஷனல் இன்ஷூரன்ஸ் எண். அடுத்து என்ன கேட்கிறீர்கள் என்பது ஒரே வரியில்: முடிவை ரத்து செய்து முதல் தரம் வழங்க வேண்டும், அல்லது உங்கள் விஷயத்தில் தொடர்பில்லாத புதிய மருத்துவரிடம் அனுப்பி மறுபடி முடிவெடுக்க வேண்டும். பிறகு காரணங்கள், எண்ணிட்டு. ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்கள் எழுதிய வரி, விதி சொல்வது, உங்கள் சான்று இருக்கும் பக்க எண். கோபத்தைக் கடிதத்தில் கொட்டாதீர்கள். வேலையிடத்தில் நடந்த அநியாயம் பெரிதாக இருக்கலாம்; அதற்கான இடம் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம். அதற்குக் கெடு மிகக் குறுகியது, வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் ஏகாஸ் அமைப்பு வழியாகத்தான் தொடங்க வேண்டும். ஓய்வூதிய மேல்முறையீடு நடப்பதால் அந்தக் கடிகாரம் நிற்காது.

பிப் (நீண்ட நாள் நோயோ ஊனமோ உள்ளவர்களுக்கான அரசு உதவித்தொகை) கிடைத்திருந்தால் அந்த முடிவுக் கடிதத்தை இணைக்கலாம். ஆனால் பிப்பின் அளவுகோல் வேறு என்பதால் அது மட்டும் போதாது. பிப் படிவத்தில் நீங்கள் எழுதியதும் இங்கே எழுதுவதும் ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

உடம்பு ஒத்துழைக்காதபோது

எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டியதில்லை. கையெழுத்திட்ட ஒரு பக்க அனுமதிக் கடிதம் இருந்தால் கணவரோ மனைவியோ மகளோ நண்பரோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ உங்கள் சார்பில் நடத்தலாம். யூனிசன், ஜிஎம்பி, யுனைட், என்இயு, ஆர்சிஎன் போன்ற சங்கங்களில் உறுப்பினராக இருந்தால் முதல் நாளே அவர்களிடம் போங்கள். வேலை போனதும் சந்தாவை நிறுத்துகிறவர்கள் உண்டு. நிறுத்துமுன் உதவி தொடருமா என்று கேட்டுவிடுங்கள்.

2010 சமத்துவச் சட்டப்படி நியாயமான மாற்றங்கள் கேட்கலாம்: தொலைபேசி வேண்டாம், மின்னஞ்சல் மட்டும், மருத்துவச் சந்திப்பு வீடியோவில், பிற்பகலில், நடுவே இடைவேளையோடு, பதில் தரக் கூடுதல் நாள். காரணத்தோடு முன்கூட்டியே கேளுங்கள்.

சுயேச்சை மருத்துவர் உங்களைப் பார்க்கும் அரை மணி நேரம் உங்கள் சிறந்த அரை மணி நேரமாகத்தான் இருக்கும். இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டுத்தான் அதற்கு வந்திருப்பீர்கள். அதனால் பின்விளைவு தெரிய ஒரு குறிப்பு கொடுங்கள். இப்படி: ‘செவ்வாய் காலை, மருத்துவமனை, காரில் போய்வர 40 நிமிடம். புதன், கழிப்பறை வரை மட்டும் நடை. வியாழன், படுக்கை, வெளிச்சம் தாங்கவில்லை. வெள்ளி மாலை, உட்கார்ந்து சாப்பிட முடிந்தது.’ இரண்டு வாரத்துக்கு இப்படி எழுதியது போதும். ஆறு மாத நாட்குறிப்பை யாரும் படிக்க மாட்டார்கள்.

மொழிபெயர்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். அப்பா கழிப்பறைக்குப் போக உதவி வேண்டும் என்பதைச் சொல்ல மகனுக்கு வாய் வராது. மகன் எதிரே அதைச் சொல்ல அப்பாவுக்கும் மனம் வராது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சந்திப்புக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். மருத்துவர் ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று தொடங்கும்போது மரியாதைக்காக நன்றாக இருப்பதாகச் சொல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அது அப்படியே பதிவில் ஏறும்.

வாழ்நாள் 12 மாதத்துக்குள் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மேல்முறையீட்டு வரிசையில் நிற்க வேண்டாம். அவசரப் பரிசீலனையும் ஓய்வூதியத்தை மொத்தத் தொகையாக மாற்றுவதும் பற்றித் திட்ட நிர்வாகத்திடம் உடனே கேளுங்கள்.

இரண்டு கட்டமும் தோற்றால்

அடுத்தது பென்ஷன்ஸ் ஒம்புட்ஸ்மன், ஓய்வூதியப் புகார்களைத் தீர்க்கும் சுயேச்சை அதிகாரி. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. பொதுவாக, புகாருக்குக் காரணமான செயல் நடந்து 3 ஆண்டுக்குள் போக வேண்டும். அவர் இன்னொரு மருத்துவர் ஆகி உங்கள் உடல்நிலையைத் தீர்மானிக்க மாட்டார். சரியான விதி பயன்பட்டதா, சரியான கேள்வி கேட்கப்பட்டதா, முக்கியமான சான்று விடுபட்டதா, இப்படியொரு முடிவுக்கு நியாயமாக யாராவது வருவார்களா என்று பார்ப்பார். தவறு இருந்தால், பெரும்பாலும் ‘மறுபடி சரியாக முடிவெடுங்கள்’ என்று திருப்பி அனுப்புவார். அலைக்கழிப்புக்காகத் தனி இழப்பீடும் சொல்லலாம்; குறிப்பிடத்தக்க பாதிப்புக்கு 500 பவுண்டிலிருந்து தொடங்குகிறது. அவருடைய பழைய தீர்ப்புகள் இணையத்தில் உள்ளன. உங்கள் திட்டத்தின் பெயரையும் நோயின் பெயரையும் சேர்த்துத் தேடி, உங்களுடையது போன்ற ஒன்றிரண்டைக் கண்டெடுத்தால், இரண்டாம் கட்டக் கடிதத்திலேயே அவற்றைக் காட்டலாம். அவருடைய தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். சட்டப் பிழை இருந்தால் மட்டுமே உயர் நீதிமன்றம்.

இதோடு இன்னொரு கதவும் உண்டு. வேலை போன பிறகு நோய் முற்றியிருந்தால், தள்ளிவைக்கப்பட்ட உறுப்பினராகப் புதிதாக விண்ணப்பிக்கலாம். சேர்க்கை கிடையாது, ஆனால் சேர்ந்த ஓய்வூதியம் வயதுக் கழிவு இல்லாமல் முன்கூட்டியே வரும். இதையும் மேல்முறையீட்டையும் ஒரே நேரத்தில் நடத்தத் தடை இல்லை. அன்றைய முடிவு தவறு என்பது ஒன்று, இன்றைய நிலை வேறு என்பது இன்னொன்று.

பணம் வரும்போது

வெற்றி என்றால் வேலை முடிந்த மறுநாளிலிருந்து நிலுவை கேளுங்கள், வட்டியும் கேளுங்கள். யுனிவர்சல் கிரெடிட் வாங்குகிறீர்கள் என்றால் ஓய்வூதியம் முழுவதும் வருமானமாகக் கழியும். நிலுவைத் தொகை சேமிப்பை 6,000 பவுண்டுக்கு மேல் கொண்டுபோனால் உதவி குறையும், 16,000ஐத் தாண்டினால் நிற்கும். நியூ ஸ்டைல் ஈஎஸ்ஏ (நோயால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான உதவித்தொகை) வாங்குபவர்களுக்கு வாரம் 85 பவுண்டுக்கு மேலான ஓய்வூதியத்தில் பாதி கழியும். பிப்பை இது தொடாது. பணம் வந்த அன்றே, இந்த உதவித்தொகைகளைத் தரும் அரசுத் துறையான டிடபிள்யூபிக்குச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அதிகம் வாங்கியதாகப் பின்னால் திருப்பிக் கேட்பார்கள்.

கணக்குத் தாள் வந்ததும் எந்தச் சம்பளத்தை வைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கடைசி மாதங்களில் அரைச் சம்பளத்தில் இருந்திருப்பீர்கள். சேர்க்கையை அந்த அரைச் சம்பளத்தின் மேல் போடக் கூடாது. நோயால் முழுநேரத்திலிருந்து பகுதிநேரத்துக்கு மாறியிருந்தால், அந்த மாற்றத்துக்குக் காரணம் இதே நோய்தான் என்று சுயேச்சை மருத்துவர் சான்றிதழில் குறித்திருக்க வேண்டும். அதற்கென்றே படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். அதை வெறுமையாக விட்டிருந்தால் உங்கள் சேர்க்கை பாதிநேரச் சம்பளத்தில்தான் வரும். நிரப்பித் தரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.